168 கிரெயின்: ஒரு போட்டிக் குண்டின் வாழ்க்கை

1959இல் சிகாகோவில் பான் அமெரிக்கன் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அங்கே ரைஃபிள் சுடுதலில் முதலிடம் பிடித்தவர் பயன்படுத்தியது, அதுவரை எந்தப் பெரிய போட்டியிலும் தலைகாட்டாத ஒரு குண்டு. விட்டம் 7.82 மில்லிமீட்டர். நீளம் ஏறத்தாழ 31 மில்லிமீட்டர். எடை 168 கிரெயின். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நம் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்த குன்றிமணி ஒன்று இரண்டு கிரெயினுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அந்தக் கணக்கில் இந்தக் குண்டு சுமார் 90 குன்றிமணி. கிராமில் சொன்னால் 11க்குக் கொஞ்சம் குறைவு.

குண்டு என்று இங்கே சொல்வது குழலை விட்டுப் பறந்து போய் இலக்கைத் தொடும் பகுதியை மட்டும். பித்தளைக் கூடு, அதற்குள் இருக்கும் மருந்து, அடியில் இருக்கும் பிரைமர், வாயில் செருகிய குண்டு எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா.

இலக்குச் சுடுதலில் இறங்கும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: என் ரைஃபிளுக்கு எத்தனை கிரெயின் குண்டு சரி? பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது அந்த எண்தான் என்பதால் கேள்வி இயல்பானதே. ஆனால் 168இன் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து போனால், அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்து வேலை செய்வது நீளம் என்று தெரியவரும். குண்டு எவ்வளவு நீளம், அந்த நீளத்துக்கு எவ்வளவு சுழற்சி வேண்டும், எந்தத் தொலைவு வரை அது தடுமாறாமல் பறக்க வேண்டும். இவை முடிவானபின் எடை தானாக வந்து உட்காரும். 168 என்ற எண்ணும் அப்படி வந்ததுதான்.

அதைச் செய்தது சியரா. 1947இல் கலிஃபோர்னியாவில் இயந்திரப் பட்டறைக்காரர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். 1990இல் மிசூரி மாநிலத்தின் செடேலியா நகருக்குக் குடிபெயர்ந்தது. 1950களில் அமெரிக்காவின் ரைஃபிள் வீரர்களுக்கு முன்னால் இருந்த பெரிய மேடை 300 மீட்டர் போட்டி. அதன் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். மூன்று கால்பந்து மைதானங்களை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில், ஓர் உள்ளங்கை அகலமுள்ள வட்டம். படுத்தும் மண்டியிட்டும் நின்றும் அதற்குள் குண்டு மேல் குண்டாக வைத்துக்கொண்டே போக வேண்டும்.

அப்போது கையில் இருந்த நல்ல குண்டு ராணுவத்தின் 173 கிரெயின். அதன் முன்னோர் 1920களில் இயந்திரத் துப்பாக்கிக்காகப் பிறந்தவர்கள். ஆயிரக்கணக்கான கஜம் தாண்டியும் போய் விழ வேண்டும் என்பது அன்றைய தேவை. அதனால் குண்டின் பின்பக்கம் படகின் பின்பகுதி போல, 9 டிகிரிச் சரிவில், நீண்டு மெலிந்து இருந்தது. 300 மீட்டர் சுடுபவருக்கு அந்த நீண்ட வால் எதற்கு? சியரா வாலைக் குட்டையாக்கி, சரிவை 13 டிகிரிக்கு உயர்த்தியது. சில கிரெயின் எடை குறைந்தது. செய்வதும் சுலபமானது, ஒன்றைப் போலவே மற்றதைச் செய்வதும் சுலபமானது. இந்த இரண்டாவது நன்மைதான் பெரிது. 13 டிகிரி என்ற முடிவுக்கு ஒரு விலை இருந்தது. அந்தக் கடன் முப்பது ஆண்டுகள் கழித்து ஆயிரம் கஜத்தில் வசூலானது. அதற்கு வருகிறேன்.

குண்டு எப்படி உருவாகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். துல்லியம் என்ற பேச்சின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. நூற்றுக்கு 95 பங்கு செம்பும் 5 பங்கு துத்தநாகமும் கலந்த தகட்டிலிருந்து சிறு வட்டங்களை வெட்டி, கிண்ணமாக அழுத்துகிறார்கள். அந்தக் கிண்ணத்தை ஒன்றைவிட ஒன்று குறுகலான அச்சுகள் வழியே தள்ளித் தள்ளி நீட்டுகிறார்கள். கிண்ணம் குப்பியாகிறது; இதுதான் ஜாக்கெட். மறுபுறம் ஈயத்தைக் கம்பியாகப் பிதுக்கி, துண்டுகளாக நறுக்கி, அச்சில் அழுத்தி எடையைச் சரிசெய்கிறார்கள். ஈயத் துண்டை ஜாக்கெட்டுக்குள் இறக்கி, எந்த இடத்திலும் காற்றிடைவெளி இல்லாதபடி அழுத்துகிறார்கள். பிறகு வால் சரிவு. கடைசியாகக் கூர்முனை.

ஜாக்கெட்டின் மூடிய பக்கம் அடியில் இருக்கிறது. திறந்த வாய் மேலே. கூர்முனை அச்சு அந்த வாயைக் குவித்து மூடிக்கொண்டு வரும்போது உச்சியில் ஒரு சிறு துளை மிஞ்சிவிடுகிறது, பேப்பர் கிளிப் கம்பியின் பருமன் அளவுக்கு. வழக்கமான ராணுவக் குண்டில் இது தலைகீழ்: மூக்கு மூடியிருக்கும், அடியில் ஈயம் தெரியும். போட்டிக் குண்டு ஏன் மூக்கைத் திறந்து வைத்து அடியை மூடுகிறது? குழலின் வாயை விட்டுக் குண்டு கடைசியாக வெளியேறுவது அடிப்பக்கத்தால். பின்னாலிருந்து பீறிட்டு வரும் வாயு அந்த அடியின் விளிம்பைச் சுற்றி ஒரே சீராக வெளியேற வேண்டும். விளிம்பில் ஒரு பக்கம் கொஞ்சம் பிசகினாலும் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு குண்டை ஒரு தள்ளு தள்ளிவிடும்.

இதை ஆராய்ந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து மருத்துவர் ஃபிராங்க்ளின் மான். மனிதக் கையின் நடுக்கம் சோதனைக்குள் நுழையக்கூடாது என்று கான்கிரீட் மேடை கட்டி, அதில் குழலை அசையாமல் பொருத்தினார். அந்த மேடைக்கு ஜிப்ரால்டர் என்று பெயர் வைத்தார். வேண்டுமென்றே குண்டுகளின் மூக்கைச் சிதைத்தும் அடியைச் சிதைத்தும் சுட்டுப் பார்த்தார். மூக்கின் காயத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாத குண்டு, அடியில் பட்ட காயத்தை மன்னிக்கவே இல்லை. பல பத்தாண்டு உழைப்பை 1909இல் புத்தகமாக்கினார். குண்டு எங்கே போகிறது என்பதைவிட ஏன் அங்கே போகிறது என்று கேட்ட மனிதர். சுடுதல் பற்றி எழுதுகிற எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

மானின் காலத்திலிருந்தே தெரிந்த இன்னொரு எதிரி, குண்டின் எடைமையம் அதன் நடு அச்சில் இல்லாமல் ஒதுங்கி இருப்பது. ஈயம் செம்பைவிடக் கனமானது. ஜாக்கெட்டின் சுவர் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால், மெலிந்த பக்கத்தில் ஈயம் கூடுதலாக இடம்பிடிக்கும். எடைமையம் அந்தப் பக்கம் நகரும். தராசில் வைத்தால் ஒன்றும் தெரியாது. எடை அதே 168தான்.

என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழற்றும் குழலிலிருந்து வினாடிக்கு 2,650 அடி வேகத்தில் குண்டு கிளம்பினால், அது வினாடிக்கு 2,650 முறை சுழல்கிறது. எடைமையம் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு மட்டும் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழலுக்குள் இருக்கும்வரை சுவர்கள் அதை அடக்கி வைத்திருக்கும். வாயை விட்டு வந்த கணத்தில், அந்த எடைமையம் எந்தத் திசையில் வீசப்பட்டுக்கொண்டிருந்ததோ அந்தத் திசையில் வினாடிக்கு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் வேகத்தில் பக்கவாட்டு ஓட்டம் தொடங்கிவிடும். 300 மீட்டரைக் கடக்க அரை வினாடிக்குக் கொஞ்சம் குறைவான நேரம். அதற்குள் குண்டு சுமார் 7 சென்டிமீட்டர் ஒதுங்கியிருக்கும். பத்துப் புள்ளி வட்டத்தின் ஆரமே 5 சென்டிமீட்டர்தான்.

இப்போது எடைக்கு வருவோம். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு குண்டுகளில் ஒன்று 168, மற்றது 168.2 என்று வைத்துக்கொள்வோம். கனமானது ஒரு துளி மெதுவாகக் கிளம்பும். 300 மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே விழும். அங்கே 7 சென்டிமீட்டர், இங்கே ஒரு மில்லிமீட்டர். மாலை முழுதும் மின்தராசின் முன் உட்கார்ந்து குண்டுகளைப் பத்தில் ஒரு கிரெயின் வித்தியாசத்தில் பிரித்து வைக்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களது சிரத்தையை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சிரத்தை சேர வேண்டிய இடம் ஜாக்கெட்டின் சுவர். அது வாங்கும்போதே தீர்மானமாகிவிடும் விஷயம். 168 புகழ்பெற்றதன் முதல் காரணம் அந்தச் சுவர்தான்.

இரண்டாவது காரணம் அன்றைய குழல்களோடு அதற்கு இருந்த பொருத்தம். இதைப் புரிந்துகொள்ள ஒரு நூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

1850களில் பிரிட்டிஷ் ராணுவத்தின் கையில் இருந்தது என்ஃபீல்டு ரைஃபிள். குழலின் விட்டம் .577 அங்குலம், குண்டு 530 கிரெயின். மான்செஸ்டரின் புகழ்பெற்ற பொறியாளர் ஜோசப் விட்வொர்த்திடம் அதைவிடச் சிறந்ததைச் செய்து தரச் சொன்னார்கள். அவர் எடையை மாற்றவில்லை. அதே 530 கிரெயினை வைத்துக்கொண்டார். குழலின் விட்டத்தை .451 அங்குலமாகக் குறைத்து, அதை அறுகோணமாக்கினார். அதே ஈயம் குறுகிய குழலுக்குள் போக வேண்டுமானால் குண்டு நீள வேண்டும். நீண்ட குண்டு காற்றைக் கிழித்துப் போவதில் கெட்டிக்காரன். ஆனால் போதிய சுழற்சி இல்லாவிட்டால் தலைகுப்புறப் புரளும். என்ஃபீல்டில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விட்வொர்த் அதை 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக்கினார்.

1857இல் இரண்டையும் ஹைத் நகரில் பக்கத்தில் பக்கமாக வைத்துச் சுட்டார்கள். 500 கஜத்தில் விட்வொர்த்தின் குண்டுகளின் சராசரி விலகல், என்ஃபீல்டின் விலகலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 1860 ஜூலையில் விம்பிள்டனில் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டியைத் தொடங்கிவைக்க வந்த விக்டோரியா ராணி, மேடையில் பொருத்திக் குறிவைத்த விட்வொர்த் ரைஃபிளின் விசையை இழுத்தார். 400 கஜத்தில் குண்டு நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் பட்டது. எடை ஒன்றே, நீளமும் சுழற்சியும் மாறின, ரைஃபிளே வேறாகிவிட்டது.

இந்த உறவைக் கணக்காக எழுதிவைத்தவர், வூல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில். 1879இல் அவர் தந்த சூத்திரம் ஒரு சீட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்க்கக்கூடியது. குண்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். 150ஐ அந்த எண்ணால் வகுங்கள். வருவது, ஒரு சுற்றுக்கு வேண்டிய குழல்நீளம், விட்டத்தின் மடங்காக. நம் 168ஐ எடுத்துக்கொள்வோம்: 31 மில்லிமீட்டர் நீளம், 7.82 விட்டம், ஏறத்தாழ 4 மடங்கு. 150ஐ 4ஆல் வகுத்தால் 37½. 7.82இன் 37½ மடங்கு, சுமார் பதினொன்றரை அங்குலம். கிரீன்ஹில் கொஞ்சம் தாராளமாகவே சுழற்சி கேட்பவர். இன்றைய வேகங்களில் 12 அங்குலமே போதும். அமெரிக்க ராணுவத்தின் எம்14 ரைஃபிளின் குழல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 168க்கு அது வீடு போல அமைந்தது.

சுழற்சி கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: எடைமையத்தின் பிசகு பக்கவாட்டு ஓட்டமாக மாறும் அளவு, சுழற்சிவேகத்தோடு நேராகப் பெருகுகிறது. வேண்டியதைவிட வேகமாகச் சுழற்றினால் குண்டின் சிறு குறைகளெல்லாம் பெரிதாகித் தெரியும். 100, 200 கஜத்தில் மேசைமேல் ரைஃபிளை வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்கள் இந்த உண்மையை அதன் எல்லை வரை கொண்டுபோனவர்கள். 1970களின் நடுவில் பால்மிசானோ, பின்டெல் என்ற இருவர் உருவாக்கிய 6 பிபிசி தோட்டாவில் அவர்கள் போடுவது வெறும் 65 முதல் 68 கிரெயின் வரையிலான, அடி தட்டையான குட்டைக் குண்டு. குழல் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு புரளாமல் இருக்க எவ்வளவு சுழற்சி வேண்டுமோ அதற்குச் சற்று மேல், அவ்வளவுதான். 100 கஜத்தில் ஐந்து குண்டுகள் ஒரே ஓட்டையாக விழுவது அங்கே அன்றாடக் காட்சி. அதே குண்டை ஆயிரம் கஜத்துக்குக் கொண்டுபோனால் காற்று அதை விருப்பப்படி விளையாடும்.

சிகாகோவுக்குப் பிறகு 168 அமெரிக்காவின் போட்டி மைதானங்களில் பரவியது. மேட்ச்கிங் என்ற பெயர் சுடுபவர்கள் வாயில் நிலைத்தது. 300 மீட்டரிலிருந்து 600 கஜம் வரை அந்த விட்டத்தில் அதற்கு இணையான குண்டு இல்லை என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. ஓஹியோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் ஆண்டுதோறும் நடக்கும் தேசியப் போட்டிகளுக்காக ராணுவமே இந்தக் குண்டை வைத்து எம்852 என்ற தோட்டாவைத் தயாரித்தது. பெட்டியின் மேல் போரில் பயன்படுத்தக்கூடாது என்று அச்சிட்டிருந்தார்கள். காரணம் மூக்கின் துளை. உடலுக்குள் விரியும் குண்டுகளை 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடை செய்திருந்தது. திறந்த மூக்கு அந்த வகையோ என்ற ஐயம்.

1985இல் ராணுவச் சட்ட நிபுணர் ஹேஸ் பார்க்ஸ் ஒரு கருத்துரை எழுதினார். 1990இல் அதை விரிவாக்கினார். துளை குண்டு செய்யும் முறையால் வந்தது, விரிவதற்காக வைத்ததில்லை, எனவே தடைக்குள் வராது என்பது அதன் சாரம். காகித இலக்குக்காகப் பிறந்த குண்டு அந்த வழியாகக் குறிசுடுநர்களின் கைக்குப் போயிற்று. வாதம் தொழில்நுட்ப அளவில் சரியானது. ஆனாலும் 300 மீட்டர் மைதானத்தின் பொறுமைக்காகச் செதுக்கிய ஒரு பொருள் மனிதரை நோக்கித் திரும்பியதை என்னால் பெருமையாகச் சொல்ல முடியவில்லை. இனி மைதானத்துப் பக்கமே பேசுகிறேன்.

ஆயிரம் கஜம். பாமா கோப்பை என்ற பழம்பெரும் போட்டி 1876இல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் தொடங்கியது. 800, 900, 1000 கஜங்களில் சுடுவது. அங்கே 168ஐக் கொண்டுபோனவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். 800 கஜம் வரை ஒழுங்காகப் போன குண்டு, ஆயிரத்தில் காகிதத்தைப் பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு போயிருக்கும். சில இலக்கையே தொடாது. ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். குண்டு வேகமிழந்து அந்த எல்லையை நெருங்கும்போது அதைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் இடம் மாறிக் குண்டின் முனையை ஆட்டத் தொடங்கும். நீண்டு மெல்லச் சரியும் வால் அந்த ஆட்டத்தை அடக்கிக்கொள்ளும். 13 டிகிரிச் செங்குத்துச் சரிவு அடக்காது, ஆட்டம் பெருகும். 300 மீட்டருக்காகச் செய்த சமரசம் ஆயிரம் கஜத்தில் அம்பலமானது இப்படித்தான். குண்டின் மேல் குற்றமில்லை. அதனிடம் அந்தத் தொலைவை யாரும் முதலில் கேட்கவில்லை.

பதிலாக வந்தவை இரண்டு, எதிரெதிர்த் திசைகளில். ஒன்று 175 கிரெயின்: பழைய 9 டிகிரி வாலைத் திரும்ப எடுத்துக்கொண்ட தம்பி. 1990களில் எம்118 நெடுந்தொலைவுத் தோட்டாவில் இதுதான் இடம்பிடித்தது. ஏழு கிரெயின் கூடியதால் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் இன்றும் சொல்வார்கள். தீர்த்தது வாலின் சரிவு.

மற்றது 155 கிரெயின். பாமா போட்டியின் விதி இந்த விட்டத்துக் குண்டு 156 கிரெயினுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. எல்லா நாட்டவரும் சாதாரண ராணுவத் தோட்டாவுக்கு நெருக்கமான ஒன்றைச் சுட வேண்டும் என்ற பழைய வழக்கத்தின் எச்சம் அது. 1992இல் நியூ மெக்சிகோவின் ரேடன் நகரில் நடந்த பாமாவுக்காக சியரா 155ஐ உருவாக்கியது. எடை கட்டிப்போடப்பட்டிருந்தபோது வடிவம் மட்டுமே வடிவமைப்பாளருக்கு மிஞ்சியது. அவர்கள் மூக்கை ஒல்லியாக்கினார்கள். நீளம் சுமார் 29 மில்லிமீட்டர். கிரீன்ஹில்லிடம் கேட்டால் பன்னிரண்டரை அங்குலம் என்பார். பாமா வீரர்கள் 13 அங்குலத்துக்கு ஒரு சுற்று போட்ட 30 அங்குல நீளக் குழல்களைப் பொருத்தினார்கள். எடை குறைந்ததால் வினாடிக்கு 2,900 அடியைத் தாண்டிக் கிளம்ப முடிந்தது. ஆயிரம் கஜம் போய்ச் சேரும்போதும் ஒலியின் வேகத்துக்கு மேலேயே இருக்க முடிந்தது. 168 தோற்ற இடத்தில் அதைவிட இலகுவான குண்டு வென்றது.

தொலைவு கூடினால் கனமான குண்டு என்ற பொதுவிதி இங்கே ஏன் பிசகுகிறது? காற்றைப் பற்றிய ஓர் அழகான விதி இதை விளக்கும். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு பீரங்கிப்படை அதிகாரி டிடியோன் சொன்னது. பக்கக் காற்று குண்டைத் தள்ளும் தூரம், அது பறந்த மொத்த நேரத்தைப் பொறுத்ததில்லை. காற்றே இல்லாத வெற்றிடத்தில் போயிருந்தால் எவ்வளவு நேரமாகுமோ அதைக்காட்டிலும் எவ்வளவு தாமதமானது என்பதைப் பொறுத்தது. அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல். 155 கிரெயின் பாமா குண்டு ஆயிரம் கஜத்தில் அரை வினாடிக்குச் சற்று மேல் தாமதமாகும். மணிக்கு 10 மைல் பக்கக் காற்றில் அது இரண்டு மீட்டருக்கும் மேல் ஒதுங்கும். கனமான குண்டு மெதுவாகக் கிளம்பினாலும் காற்றில் வேகத்தை இழக்காவிட்டால் தாமதம் குறையும். அதனால்தான் விதி அனுமதிக்கும் போட்டிகளில் 190, 200 கிரெயின் என்று போகிறார்கள். கனம் அங்கே உதவுவது, அதே விட்டத்தில் கனமென்றால் நீளம், நீளமென்றால் வழுக்கிச் செல்லும் வடிவம் என்பதால். மூக்கு மழுங்கிய கனமான குண்டு எந்த உதவியும் செய்யாது. நீண்ட குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. 12 அங்குலக் குழலில் 200 கிரெயினை நம்பிப் போடுபவர் கிரீன்ஹில்லோடு சண்டைக்குப் போகிறார்.

இத்தனை கணக்கும் ஒரு பட்டியலைச் சுருக்கித்தான் கொடுக்கும். மூன்று நான்கு குண்டுகள் மிஞ்சும். அதன்பின் குழலிடமே கேட்க வேண்டும். ஒரே அச்சில் செய்த இரண்டு குழல்கள்கூட ஒரே குண்டை ஒரே மாதிரி விரும்புவதில்லை. கேட்கும் முறையில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். ஒவ்வொரு எடையிலும் மூன்று குண்டு சுட்டு, எந்த மூன்று நெருக்கமாக விழுந்ததோ அதுவே என் குண்டு என்று முடிவுகட்டுகிறார்கள்.

புள்ளியியல் இதை அனுமதிக்காது. ஒரு ரைஃபிள் இலக்கில் வைக்கும் மூன்று குண்டுக் கொத்தின், அதாவது குரூப்பின், அகலம் சராசரியாக 24 மில்லிமீட்டர் என்றால், எதையும் மாற்றாமல் ஐந்து குண்டு சுட்டால் சராசரி ஏறத்தாழ 31 ஆகும்; பத்து சுட்டால் 38. ரைஃபிள் கெட்டுப்போகவில்லை, கூடுதல் குண்டுகள் அதன் உண்மையான பரவலைக் காட்டுகின்றன. அதைவிட முக்கியம், மூன்று குண்டுக் குரூப்புகள் தங்களுக்குள்ளேயே அலைபாயும். அதே ரைஃபிள், அதே குண்டு, ஒருமுறை 15, அடுத்தமுறை 33 என்று வந்தால் வியக்க ஒன்றுமில்லை. அப்படியிருக்க 168இல் 18 வந்தது, 175இல் 27 வந்தது என்பதை வைத்து 168 சிறந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும் குறைந்தது இருபது முறையாவது சுட வேண்டும். செலவு அதிகம், தோள் வலிக்கும், குழல் சூடேறி ஆறக் காத்திருக்க வேண்டும். தேர்வு என்ற சொல்லுக்கு அந்த மதிப்பைக் கொடுக்காதவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குண்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

எடையை மாற்றவே வழியில்லாத பிரிவிலும் தேர்வு ஓய்வதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிளில் எல்லோரும் சுடுவது .22 தோட்டா, போட்டித் தரக் குண்டின் எடை 40 கிரெயின், அதில் பேச்சே இல்லை. ஆனாலும் உலகத் தரத்தில் உள்ளவர்கள் தோட்டாத் தொழிற்சாலைகளின் சோதனைக்கூடத்துக்கு ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். குழலைக் கவ்வியில் இறுக்கி, ஒரே தயாரிப்பின் வெவ்வேறு தொகுதிகளைப் பத்துப் பத்தாகச் சுட்டு, தங்கள் குழல் எதை ஏற்கிறதோ அந்தத் தொகுதி எண்ணை மட்டும் பெட்டி பெட்டியாக வாங்கி வருகிறார்கள். பெயர் ஒன்று, எடை ஒன்று, விலை ஒன்று; ஆனால் ஒரு குழலில் பத்துப் புள்ளிக்குள் அடங்கும் தொகுதி இன்னொரு குழலில் அடங்காது.

168 பிறந்த 300 மீட்டர் மைதானத்தில் இன்று அது அரிது. 1972 மியூனிக்கோடு அந்தப் பிரிவு ஒலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டாலும் உலகச் சாம்பியன்ஷிப்புகள் தொடர்கின்றன. அங்கே வரிசையாகப் படுத்திருப்பவர்களின் தோட்டா பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் பிஆர். குண்டு 105 முதல் 108 கிரெயின். குழல் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அறுபது கிரெயின் இலகு. பின்னுதை அவ்வளவு குறைவு என்பதால் அறுபது குண்டு சுட்ட பின்னும் தோளும் மூச்சும் நிலைத்திருக்கின்றன. காற்றிலும் அது 168ஐவிடக் குறைவாகவே ஒதுங்குகிறது. அந்தக் குண்டையும் 168ஐயும் மேசைமேல் அருகருகே நிறுத்தி அளந்தால், ஒன்று ஒல்லி, மற்றது பருமன். உயரம் இரண்டுக்கும் ஏறத்தாழ 31 மில்லிமீட்டர்.